தட்டில் போட்ட பாட்டு

பிள்ளைகளா,

போன ஞாயிற்றுக்கிழமை பெரியவள் ஓய்வுநாள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். கிறிஸ்துமஸுக்கு அவள் எழுதிக் கொடுத்த நாடகத்தில், மேய்ப்பர்களாக நடிக்கிற பையன்கள் வசனத்தையெல்லாம் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டார்களாம். "அது என் நாடகம்ப்பா, கெடுத்துட்டாங்க" என்று சொல்லி, நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். சின்னவன் சமாதானம் சொல்லப் போய் முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டான். நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. இந்த விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் ஒருமுறை, கொடுத்ததைத் திருப்பிக் கேட்கப் போனவன்தான். அதை உங்களுக்கு எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நன்னிலத்துக்குக் கிழக்கே நம் ஊர்ச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அறுப்பின் பண்டிகைக்கு வருஷம் ஒரு புதுப் பாட்டு பாட வேண்டும், அதுவும் ஊரிலேயே கட்டினதாக இருக்க வேண்டும். பாட்டு கட்டுகிறவர் அதைத் தாளில் எழுதி, ஐப்பசி நடவுக்கு முந்தின ஞாயிறு ஆராதனையில் காணிக்கைத் தட்டில் போட்டுவிடுவார். மறுநாள் அந்தத் தாள் நடவு வயலுக்குப் போகும். பெண்கள் பாடிக்கொண்டே நடுவார்கள். கார்த்திகையில் களை எடுக்கும்போதும் அந்தப் பாட்டு அவர்கள் வாயில் நின்றால், தை மாத அறுப்பு முடிந்து பண்டிகையன்று கோயிலுக்குள் பாடப்படும். நிற்கவில்லையென்றால் பழைய பாட்டையே பாட வேண்டியதுதான். யார் ஏற்படுத்திய வழக்கமோ தெரியாது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

வருஷா வருஷம் பாட்டு கட்டினது உங்கள் பெரியப்பா. கொத்தனார் வேலை. சாரத்தில் நின்று பூசிக்கொண்டே ஒரு பாட்டை முடித்துவிட்டு இறங்குவார். பெண்கள் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள்.

பெரியவள் பிறப்பதற்கு முந்தின வருஷம் அவர் குவைத்துக்குப் போய்விட்டார். அப்போது ஊரே கிளம்பிக்கொண்டிருந்த காலம். ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று நிச்சயமில்லாமல் போய்விட்டது. நம் வயல்கள் கடைமடை. வாய்க்கால் போய் முடிகிற இடம். மேலே உள்ளவர்களுக்கெல்லாம் பாய்ந்து மிச்சம் இருந்தால்தான் நமக்கு. சில குடும்பங்கள் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டன. கடைத்தெருவில் புதிது புதிதாக எஸ்.டி.டி. பூத்தும், பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ பிடிக்கிற கடையும் வந்தன. கோயிலில் ஆண்கள் பக்கத்துப் பாயில் பாதி காலியாகக் கிடந்தது.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் உபதேசியார் எழுந்து நின்றார். போதகரான ஐயர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் சபையை நடத்துகிறவர் உபதேசியார்தான். "கொத்தனார் இல்ல. இந்த வருஷம் பாட்டு யாரு கட்டுறது?" என்று கேட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து உங்கம்மா குரல் வந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.

"அவரு எழுதுவாருங்க. தலகாணிக்குக் கீழ நோட்டு வெச்சுருக்காரு."

கோயில் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. "எவ்வளவு நாளா தம்பி?" என்று உபதேசியார் கேட்டார். "கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே இருக்கும்போல, பாதி நோட்ட எலி தின்னுருக்கு" என்று உங்கம்மாவே அதற்கும் பதில் சொன்னாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான் அவளுக்குப் பத்தடி முன்னால் நடந்தேன். எஜமான் கொடுத்த தாலந்துக் காசை மண்ணில் புதைத்து வைத்தவன் கதை உங்களுக்குத் தெரியும். நான் தலையணைக்குக் கீழே புதைத்திருந்தேன். தோண்டி எடுத்தவள் உங்கம்மா. இதை அன்றைக்கு அவளிடம் சொல்லவில்லை, இப்போது எழுதுகிறேன்.

ஆனால் உள்ளூர ஒரு ஆசை எழும்பிவிட்டது. அண்ணனைவிட ஒரு படி மேலாக எழுதிக் காட்ட வேண்டும். அண்ணன் பாட்டெல்லாம் பேச்சு மாதிரி இருக்கும். நான் வேதத்தைப் புரட்டிப் புரட்டி நல்ல வார்த்தைகளாகப் பொறுக்கினேன். மூன்று வாரம் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன். முதல் அடி இன்னும் நினைவிருக்கிறது:

"கோதுமை மணியாய் எனைத் தெரிந்தெடுத்துக் களஞ்சியத்தில் கூட்டிச் சேர்க்கும் தயாபரனே."

அடுத்த அடியில் திராட்சத் தோட்டம். அதற்கடுத்து அத்திமர நிழல். மெட்டும் நானே போட்டேன். தாளை நாலாக மடித்துத் தட்டில் போட்டபோது, குவைத் வரைக்கும் இந்தப் பாட்டு போகும், அண்ணன் கேட்டு அசந்துபோவார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் பக்கத்து வயலில் பவர் டில்லர் ஓட்டிச் சேறு கலக்கிக்கொண்டிருந்தேன். பெண்கள் நாற்று முடியைப் பிரித்துக்கொண்டு இறங்கினார்கள். பாட்டு எடுத்துக் கொடுக்கிறவர் உங்கள் பெரியம்மா. குரல் வாய்க்கால் தாண்டிக் கேட்கும். முதல் அடியைத் தொடங்கினார், நிறுத்தினார். மறுபடி தொடங்கினார். அப்புறம் சிரிப்புச் சத்தம்.

"தம்பி, டில்லர நிறுத்திட்டு இப்படி வாங்க" என்று கூப்பிட்டார். போனேன். "இந்தக் கோதுமைய எந்த வயல்ல பாத்தீங்க?"

"ரேஷன் கடையில பாத்துருப்பாரு" என்றது வரிசையில் ஒரு குரல்.

"வேதத்துல இருக்குங்க அண்ணி" என்றேன்.

"வேதத்துல இருக்கு. அவுங்க ஊருல கோதும வெளஞ்சுது, கோதுமைய வெச்சுச் சொன்னாங்க. நாங்க இங்க என்னத்த நட்டுக்கிட்டு இருக்கோம்?"

"அர்த்தம் ஒண்ணுதானுங்களே."

"அர்த்தம் இருக்கட்டும் தம்பி. மூச்சு எங்க விடுறது? எறங்கி ஒரு முடி நட்டுக்கிட்டே பாடிக் காட்டுங்க, நாங்க பாடுறோம்."

எல்லாரும் பார்க்கிறார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். குனிந்து நாற்றை ஊன்ற வேண்டும், ஊன்றிப் பின்னால் ஓர் அடி வைக்க வேண்டும். குனிந்தவுடன் வயிறு மடங்கிவிடுகிறது. "தெரிந்தெடுத்து" வருவதற்குள் எனக்கு மூச்சு தீர்ந்துவிட்டது. களஞ்சியத்தை எட்டிப் பிடிக்கப் போனவன் பின்னங்கால் வழுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"களஞ்சியத்துல சேக்குறதுக்கு முன்னாடி கர்த்தர் சேத்துல சேத்துட்டாரு!" என்று யாரோ சொல்ல, நட்ட நாற்றெல்லாம் ஆடுகிற மாதிரி சிரித்தார்கள். உங்கம்மாவும் சிரித்தாள். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அதற்குப் பிறகு பாட்டை அவர்கள் விட்டுவிடவில்லை. விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு. தினமும் சாயந்தரம் உங்கம்மா காலைக் கழுவிக்கொண்டே சொல்வாள்: "ஏங்க, அந்த அத்திமரம் வர்ற எடத்துல இன்னிக்கு வேற மாதிரி பாடுனோம். நல்லா விழுந்துச்சு."

"யாரக் கேட்டு மாத்துனீங்க?"

"யாரக் கேக்கணும்?"

"அது என் பாட்டு."

"அப்ப நீங்களே வெச்சுப் பாடிக்குங்க. நாங்க அம்பது பேரு நடுறோம், நீங்க ஒருத்தரு நாற்காலியில பாடுங்க."

நான் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே உபதேசியார் வீட்டுக்குப் போனேன். அவர் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "ஐயா, என் பாட்டை நான் திரும்ப வாங்கிக்கிறேன். இந்த வருஷம் பழசே பாடிக்குங்க" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "தட்டுல போட்ட கோழிய மறுவாரம் வந்து கேட்டா குடுப்பாங்களா தம்பி?"

"பாட்டு கோழி இல்லீங்களே."

"இல்லதான். கோழின்னா ஒரு நாள் குழம்போட முடிஞ்சு போயிருக்கும்." பெடலைச் சுற்றிப் பார்த்தார். "தாளு வேணும்னா டப்பாவுல பத்திரமா இருக்கு. பாட்டு வயலுக்குப் போயிடுச்சே, அத நான் எங்க போயிப் புடிச்சுக் குடுக்க?"

தாளையும் வாங்காமல் வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கே போகவில்லை. டில்லரில் கோளாறு என்று சொன்னேன். டில்லருக்கு ஒன்றும் இல்லை. நோட்டை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் விறகோடு வைத்தேன். இனிமேல் எழுதுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். உங்கம்மா அந்த நோட்டைத் தாண்டித் தாண்டி விறகு எடுத்தாள், அதைத் தொடவில்லை.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் வராத தண்ணீர் வானத்திலிருந்து வந்தது. களை எடுப்பு நடந்தது. ஒரு நாள் காலையில், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, மடை பார்க்க வரப்போடு போய்க்கொண்டிருந்தேன். என்னை அவர்கள் பார்க்கவில்லை. பெரியம்மா எடுத்துக் கொடுக்க, வரிசை முழுக்க வாங்கிப் பாடியது:

"கடமடைக்கும் தண்ணி விட்ட கர்த்தாவே,
கடசி ஆளுக்கும் பங்கு வெச்ச கர்த்தாவே."

நான் வரப்பிலேயே நின்றுவிட்டேன். நான் எழுதிய வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை. ஆனால் மெட்டு என்னுடையது. குட்டையாக்கி, இரண்டடிக்கு ஒரு மூச்சு விட இடம் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். நான் போட்ட மெட்டுக்குள் கடைமடை வாய்க்கால் ஓட இடம் இருந்தது என்று எனக்கே தெரியாது. திராட்சத் தோட்டத்துக்குக் கடைசியாக வந்த வேலையாளுக்கும் ஒரே கூலி கொடுத்த எஜமான் கதையைச் சிறு வயதிலிருந்து கேட்டவன் நான். திராட்சத் தோட்டத்தைத் தேடித் தேடி எழுதியவன், அந்தத் தோட்டத்துக் கதையை என் வயலில் வைத்துப் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்திருந்தார்கள்.

அன்று சாயந்தரம் உங்கம்மாவிடம் கேட்டேன், "அந்தக் கடமடை அடிய யாரு போட்டது?"

"அண்ணிதான்னு நெனக்கிறேன்."

பெரியம்மாவிடம் கேட்டேன். "நானா? கடமடைன்னு மொதல்ல சொன்னது உங்க வீட்டுக்காரிதான். கடசி ஆளு, மேலத்தெருக்காரி வாயில வந்துச்சு. அவளக் கேட்டா எங்கம்மா வாயிலேர்ந்துங்குறா. ஏன் தம்பி, போலீஸுல எழுதிக் குடுக்கப் போறீங்களா?"

கோபம் எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து விறகோடு கிடந்த நோட்டைத் தட்டி எடுத்தேன். இந்தத் தடவை நாற்காலியில் உட்காரவில்லை. உங்கம்மா பார்த்துச் சிரிக்கச் சிரிக்க, கூடத்தில் குனிந்து குனிந்து பின்னால் நடந்தபடி முணுமுணுத்துப் பார்த்தேன். கோயிலில் காலியாகக் கிடந்த அந்தப் பாயை நினைத்துக்கொண்டு நாலு அடி எழுதினேன்:

"கடல் தாண்டிப் போனவன
காத்துக்குங்க கர்த்தாவே,
கஞ்சி குடிக்கும் நேரத்துல
கூட இருங்க கர்த்தாவே."

மறுநாள் உங்கம்மா கையில் கொடுக்காமல் நானே வயலுக்கு எடுத்துப் போய், வரப்பில் நின்று பாடிக் காட்டினேன். பெரியம்மா கையிலிருந்த களையை வரப்பில் போட்டார். ஒருவரும் கேலி பேசவில்லை. அவர்தான் கேட்டார்.

"அங்க ஏது தம்பி கஞ்சி? போன லெட்டர்ல எழுதிருந்தாரே உங்க அண்ணன். மூணு வேளையும் குப்பூஸுதானாம். கோதும ரொட்டி." சொல்லிவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். "பாருங்க, உங்க கோதுமைக்கு எடம் கெடச்சுடுச்சு!"

அப்படித்தான் "கோதும ரொட்டி திங்கயில கூட இருங்க கர்த்தாவே" என்று ஆயிற்று. அன்று முழுவதும் அந்த நாலு அடியைப் பாடியே களை எடுத்தார்கள். அடுத்த ஞாயிறு டில்லர் சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

பண்டிகையன்று காலை கோயில் வாசலில் நெற்கதிர் கட்டினோம். பூசணி, வாழைத்தார், இளநீர், கால் கட்டின கோழிகள் என்று பீடத்துக்கு முன்னால் குவிந்துவிட்டது. கடைத்தெருவில் ஃபாரின் சாமான் கடை வைத்திருந்த பாய் தன் பெரிய டேப் ரெக்கார்டரைத் தோளில் சுமந்துகொண்டு வந்திருந்தார். அண்ணனுக்கு அனுப்பப் பாட்டைப் பதிய வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். ரெக்கார்டரைக் கொடுத்தனுப்பச் சொன்னால், "என் தம்பியும் அங்கதான் கெடக்குறான். இத நானே வந்து புடிச்சுத் தரேன். நீங்க கண்டபடி பட்டன அமுக்கிடுவீங்க" என்று சொல்லிவிட்டு நேரிலேயே வந்துவிட்டார். வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, "ஒரு தடவதான் பதிய முடியும், பேட்டரி கம்மி. யாரும் இருமக் கூடாது" என்றார்.

உபதேசியார் எழுந்து, "இந்த வருஷப் பாட்டு" என்று தொடங்கினார். என் முதுகு தானாக நிமிர்ந்தது. "கட்டுனது..." என்று இழுத்து, பெண்கள் பக்கம் பார்த்து, ஆண்கள் பக்கம் பார்த்து, "நம்ம சபை" என்று முடித்தார்.

சுருக்கென்றது. உங்களிடம் மறைக்க மாட்டேன். நோட்டைத் தட்டி எடுத்தவன்தான், எல்லாம் புரிந்தவன்தான், ஆனாலும் என் பேரைச் சொல்லவில்லையே என்று ஒரு கணம் இருந்தது. அதற்குள் பெரியம்மா எடுத்துவிட்டார். வயலில் கேட்ட அதே குரல், ஆனால் நிமிர்ந்து நின்ற குரல். கோயில் ஓடெல்லாம் அதிர்ந்தது. மூன்றாவது சரணத்தில் அந்த ரொட்டி அடி வரும்போது அவர் குரல் உடைந்தது. உடைந்த இடத்தில் ஐம்பது பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் நின்றபோதும் பாட்டு நிற்கவில்லை. நான் நாற்காலியில் தனியாக முடித்திருந்தால், உடைகிற குரலைத் தாங்க அந்தப் பாட்டில் ஒரு ஆள் இருந்திருக்க மாட்டான். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று அன்றைக்கு வாய் நிறையச் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து உங்கள் பெரியப்பாவிடமிருந்து பதில் வந்தது. "எல்லார் குரலும் தனித்தனியாகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை ஜெபத்தில் போட்டோம். ரொட்டி அடியைப் போட்டது யார், இங்கே வந்து பார்த்த மாதிரி இருக்கிறது. பாட்டுக்கு நடுவில் ஒரு கோழி கத்துகிறதே, அது யார் வீட்டுக் கோழி?" அவ்வளவுதான் கடிதம். நாங்கள் இருமாமல் இருந்தோம், கோழிக்கு யாரும் சொல்லவில்லை.

பிறகு நாலு வருஷத்தில் நானும் குவைத்துக்குப் போனேன். அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு, அதனால் ஆராதனையும் வெள்ளிக்கிழமைதான். ஒரு அறையில் இருபது முப்பது பேர், திருநெல்வேலி, நாகர்கோவில் ஆட்கள். போன முதல் வாரமே அந்தப் பாட்டைப் பாடினார்கள். ஆனால் "கடக்குளத்துக்கும் தண்ணி விட்ட கர்த்தாவே" என்று பாடினார்கள். அவர்கள் ஊரில் வாய்க்கால் கடைசி இல்லை, குளம்தான் கடைசி. அது கடமடைங்க என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் இருந்த உங்கள் பெரியப்பா என் முழங்காலில் கையை வைத்து, "சும்மா இரு" என்றார். நானும் கடக்குளம் என்றே பாடினேன். மதியம் எல்லாரும் சேர்ந்து குப்பூஸ் தின்றோம்.

பெரியவளே, நீ எழுதியது நல்ல நாடகம். நான் படித்தேன். பையன்கள் மாற்றினதில் சிலது உளறலாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. அவர்கள் நடிக்கும்போது நீ ஒரு ஓரமாக நின்று, யாரும் பார்க்காமல், ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு வா. அப்புறமும் பூட்டி வைக்கத் தோன்றினால் பூட்டி வை. சாவி உன்னிடம்தான் இருக்கிறது. நான் கேட்க மாட்டேன்.

ஒன்றே ஒன்று பாக்கி இருக்கிறது. இதை உங்கம்மாவுக்குக்கூட நான் சொன்னதில்லை.

முதல் லீவில் ஊருக்கு வந்தபோது கோயிலுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். உபதேசியார் சாமான்களை ஒதுங்க வைக்கும்போது அந்தத் தகர டப்பாவைத் திறந்து, "இந்தாங்க தம்பி, உங்க கோதும" என்று ஒரு தாளை என் கையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். வெள்ளை அடிக்கிறவர்களும் போய்விட்டார்கள். உச்சி வெயில். கோயிலுக்குள் சுண்ணாம்பு வாசனை. கதவை ஒருக்களித்துச் சாத்தினேன். நேராக நின்றுகொண்டு, கோதுமை மணியிலிருந்து அத்திமர நிழல் வரைக்கும், ஒரு வார்த்தை விடாமல், நான் எழுதிய பாட்டை எழுதிய மாதிரியே ஒரு முறை பாடினேன். நிமிர்ந்து நின்றால் மூச்சு சரியாகவே வந்தது. பாடி முடித்துத் தாளைப் பழைய மடிப்பிலேயே நாலாக மடித்தேன். காணிக்கைத் தட்டு ஜன்னலோரம் கவிழ்ந்து கிடந்தது. அதை நிமிர்த்தி, மேலே விழுந்திருந்த சுண்ணாம்பைத் துடைத்துவிட்டு, தாளை அதில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.